"வந்திருந்தேன்" என்றால் ஹேட் (had) போடலாமா?

கேள்வி: டீச்சர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடித்துக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். போன வருஷம் அம்மாவுக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்துவிட்டேன். இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அடுத்த மாதம் இன்டர்வியூ. டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்து ஓ.எல்லில் (சாதாரணதரப் பரீட்சையில்) ஆங்கிலத்துக்கு சி எடுத்தவள்தான். ஆனால் பேச வாயெடுத்தால் ஹேவ் (have) போடுவதா, ஹேட் போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா என்று அப்படியே நின்றுவிடுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல மூன்று வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். "ஐ ஹேட் டன் மை ஏ.எல் இன் 2021." "ஐ ஹேவ் வர்க்ட் இன் கொலம்போ ஃபோர் டூ இயர்ஸ்." "ஐ ஆம் லிவிங் இன் திஸ் எஸ்டேட் ஸின்ஸ் மை பர்த்." மூன்றும் பிழை என்று பக்கத்து லயத்து அண்ணன் சொல்கிறார். ஏன் பிழை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு ஹட்டன் போய்வர வசதியும் இல்லை. எப்படிப் படிப்பது?

பதில்: மகள், அண்ணன் சொன்னது சரிதான். மூன்றும் பிழை. ஆனால் மூன்றையும் நீங்கள் தமிழில் சரியாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் சரியாக இருந்த "இருந்தேன்", "இருக்கிறேன்" எல்லாம் ஆங்கிலத்துக்குள் போனதும் வேறு அர்த்தம் தருகின்றன. மலையகத்தில் நான் படிப்பித்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இந்த இடத்தில்தான் சறுக்கியது. அதனால் அட்டவணையை ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் வாக்கியங்களில் இருந்தே தொடங்குவோம்.

முதல் வாக்கியம். "2021இல் ஏ.எல் செய்திருந்தேன்", "போன கிழமை மாமா வந்திருந்தார்" என்றெல்லாம் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். முடிந்து கொஞ்சம் தள்ளிப்போன விஷயத்துக்குத் தமிழில் "இருந்தேன்" சேர்த்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த "இருந்தேன்" வந்ததும் உங்கள் கை தானாக ஹேட் போடுகிறது. ஆங்கிலத்தில் ஹேட் அப்படித் தனியாக வந்து நிற்காது. பழைய காலத்திலேயே இன்னொரு சம்பவம் இருக்க வேண்டும். அதற்கும் முந்தி நடந்தது எதுவோ, அதற்குத்தான் ஹேட். "ஐ ஹேட் டன் மை ஏ.எல்" என்றால் கேட்கிறவர் "எதற்கு முந்தி?" என்று காத்துக்கொண்டிருப்பார். நீங்கள் சொல்ல வந்தது வருஷத்தோடு முடிந்துபோன ஒரு விஷயம். "ஐ டிட் மை ஏ.எல் இன் 2021." அவ்வளவு போதும்.

இரண்டாவது வாக்கியம்தான் இன்டர்வியூவில் உங்களுக்கு ஆபத்து. "ஐ ஹேவ் வர்க்ட் இன் கொலம்போ ஃபோர் டூ இயர்ஸ்" என்று சொன்னால் மேனேஜர் என்ன நினைப்பார்? இந்தப் பிள்ளை இன்னும் கொழும்பில்தான் வேலை செய்கிறது, இரண்டு வருஷம் ஆகிறது என்று நினைப்பார். அடுத்த கேள்வியாக "எப்போது அங்கே விலகுவீர்கள்?" என்று கேட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. விட்டுவிட்டு வந்த வேலைக்கு சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹேவும் ஹேட்டும் சேராத சாதாரண இறந்தகாலம்தான்: "ஐ வர்க்ட் இன் கொலம்போ ஃபோர் டூ இயர்ஸ்." ஃபோர் (for) வந்தாலே ஹேவ் வர வேண்டும் என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழை. அந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். "பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலம்தான் பாவிக்கிறது. ஆங்கிலம் அப்படி விடாது. பழைய ஒரு நாளில் தொடங்கி இன்றுவரை வருகிறதென்றால் ஹேவ் கட்டாயம். "ஐ ஆம் லிவிங் ஸின்ஸ்" என்பது நம் நாட்டில் எல்லா இடத்திலும் காதில் விழுகிற பிழை, அதனாலேயே சரி போலக் கேட்கும். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஸின்ஸ்..." என்றோ "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஸின்ஸ்..." என்றோ சொல்லுங்கள், இரண்டும் சரி. ஒன்று கவனித்தீர்களா? நடுவில் இரண்டு வருஷம் கொழும்பில் இருந்திருக்கிறீர்கள். "பிறந்ததிலிருந்து" என்று நீங்கள் சொன்னால் கூர்மையான மேனேஜர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார். உங்கள் குடும்பத்தைச் சொல்லுங்கள்: "மை ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் ஆன் திஸ் எஸ்டேட் ஃபோர் த்ரீ ஜெனரேஷன்ஸ்." மூன்றோ நான்கோ, உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாக்கியத்தில் நான் கொஞ்சம் நின்று போகிறேன், ஏனென்றால் இது நமக்கு முக்கியம். நம் மக்கள் இங்கே வந்து 200 வருஷம் என்று 2023இல் மலையகம் முழுக்க நினைவுகூர்ந்தோம். அதை ஆங்கிலத்தில் "அவர் பீப்பிள் லிவ்ட் ஹியர் ஃபோர் டூ ஹன்ட்ரட் இயர்ஸ்" என்று சொன்னால், இருந்தார்கள், இப்போது இல்லை என்று அர்த்தமாகிவிடும். "அவர் பீப்பிள் ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபோர் டூ ஹன்ட்ரட் இயர்ஸ்" என்றால் அன்று வந்தோம், இன்றும் இங்கேதான் இருக்கிறோம். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் உங்களைப் பற்றிக் கேட்கும்போது இந்த ஒரு ஹேவ் விடுபடக்கூடாது.

இப்படி ஹேவ் அல்லது ஹேஸ் சேர்ந்து வருகிற வடிவத்துக்குத்தான் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பெயரில் பிரசன்ட் என்று இருப்பது சும்மா இல்லை. நீங்கள் இப்போது நிற்கிற இடத்திலிருந்து பின்னால் பார்க்கிறீர்கள். மலையில் கொழுந்து பறித்து மத்தியான நிறுவைக்கு நிற்கிற ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ஒன்பது கிலோ. இன்னும் பின்னேரம் இருக்கிறது, மறுபடி மலை ஏறப் போகிறார். அவர் சொல்ல வேண்டியது "ஐ ஹேவ் ப்ளக்ட் நைன் கிலோஸ் டுடே." மறுநாள் அதே அக்கா நேற்றைய கணக்கைச் சொல்கிறார்: "ஐ ப்ளக்ட் எயிட்டீன் கிலோஸ் யெஸ்டர்டே." கொழுந்து அதே கொழுந்து, கூடை அதே கூடை. அந்த நாள் மூடிவிட்டது, அதனால் ஹேவும் போய்விட்டது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2021, டூ டேஸ் அகோ என்று மூடிப்போன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் போடவே கூடாது. பரீட்சைத் தாளில் மார்க்ஸ் போகிற முதல் இடமும் இதுதான்.

தமிழில் "நேற்று யாரோ வந்திருக்கிறார்கள்" என்று சொல்லலாம். வாசலில் செருப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு நாமாக ஊகித்துச் சொல்கிற பேச்சு அது. அதை "சம்படி ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று மாற்றாதீர்கள். "சம்படி கேம் யெஸ்டர்டே." யெஸ்டர்டேயை எடுத்துவிட்டால் "சம்படி ஹேஸ் பீன் ஹியர்" என்று சொல்லலாம்.

இந்த "பீன்" ரிசப்ஷனில் தினமும் தேவைப்படும். "மேனேஜர் கண்டிக்குப் போயிருக்கிறார்" என்று நாம் சொன்னால் இரண்டு விதமாகவும் எடுக்கலாம். இப்போது கண்டியில் இருக்கிறார் என்றும் இருக்கலாம், அவர் கண்டியைப் பார்த்திருக்கிறார் என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் "ஹீ ஹேஸ் கோன் டு கண்டி" என்றால் ஆள் இங்கே இல்லை. "ஹீ ஹேஸ் பீன் டு கண்டி" என்றால் போய்ப் பார்த்து வந்துவிட்டார். மேனேஜருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு "ஐ ஹேவ் கோன் டு எல்ல" என்று சொன்னால், நீங்கள் இப்போது எல்ல என்ற ஊரில் இருப்பதாக ஆகும். உங்கள் அனுபவத்தைச் சொல்ல எப்போதும் "ஐ ஹேவ் பீன் டு..." தான்.

ஃபோருக்கும் ஸின்ஸுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. தமிழில் "இரண்டு வருஷமாக" என்று "ஆக" வந்தால் ஃபோர். "2021இலிருந்து", "காலையிலிருந்து" என்று "இலிருந்து" வந்தால் ஸின்ஸ்.

இன்டர்வியூவுக்கு வருவோம். அங்கே கேள்விகளுக்கு ஒரு வழக்கமான ஓட்டம் உண்டு. முதலில் ஹேவ் போட்டுப் பொதுவாகக் கேட்பார்கள். நீங்கள் ஆம் என்று சொன்னதும் விவரத்துக்குப் போவார்கள். விவரம் எல்லாம் சிம்பிள் பாஸ்ட். "ஹேவ் யூ எவர் வர்க்ட் வித் ஃபொரினர்ஸ்?" "யெஸ், ஐ ஹேவ். சம் டூரிஸ்ட்ஸ் கேம் டு அவர் ஷொப் எவ்ரி டே. ஐ ஹெல்ப்ட் தெம் டு சூஸ் சாரிஸ்." பாருங்கள், வாசலில் ஒரே ஒரு ஹேவ். உள்ளே போனதும் கேம், ஹெல்ப்ட். நிறையப் பேர் ஹேவில் தொடங்கிவிட்டு முடியும்வரை ஹேவ் ஹேவ் என்று இழுத்துக்கொண்டு போவார்கள். கேட்கவே கனமாக இருக்கும். ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியிலும் இதே ஓட்டம்தான். முதல் வரியில் "ஹெவி ரெயின் ஹேஸ் ப்ளொக்ட் த ரோட்" என்று இருக்கும், அடுத்த வரியில் "த எர்த் ஸ்லிப் ஹெப்பன்ட் அட் ஃபைவ் யெஸ்டர்டே மோர்னிங்" என்று இறங்கும். டெய்லி நியூஸ் ஒன்று கையில் கிடைத்தால் ஒவ்வொரு செய்தியிலும் முதல் இரண்டு வரியை மட்டும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எல்லாச் செய்தியிலும் வராது, ஆனால் வருகிற இடங்கள் மனதில் பதியும்.

உங்கள் அறிமுகத்தை நான் இப்படிச் சொல்லுவேன்: "ஐ டிட் மை ஏ.எல் இன் 2021. தென் ஐ வர்க்ட் இன் எ க்ளோத்திங் ஷொப் இன் கொலம்போ ஃபோர் டூ இயர்ஸ். லாஸ்ட் இயர் மை மதர் ஃபெல் இல், ஸோ ஐ கேம் ஹோம். ஸின்ஸ் தென் ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஆஃப்டர் ஹர். ஷீ ஹேஸ் கொட் பெட்டர் நவ்." கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். நடுவில் வேலையில்லாமல் இருந்த காலத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதை மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்காதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு கவுண்டரில் நின்று பேசுவதில் முக்கால்வாசி இந்த ஹேவ்தான். "ஹேவ் யூ ஹேட் பிரேக்ஃபாஸ்ட்?" என்பதில் ஹேவும் ஹேட்டும் சேர்ந்து வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் வருவது உதவிக்கு வந்த சொல், இரண்டாவதுதான் சாப்பிட்டதைச் சொல்கிற வினை. "யுவர் ரூம் ஹேஸ் பீன் க்ளீன்ட்." "யுவர் டிரைவர் ஹேஸ் ஜஸ்ட் அரைவ்ட்." "தே ஹேவ் நொட் செக்ட் அவுட் யெட்." இப்படிப் பத்து வாக்கியத்தை வாய்க்குப் பழக்கினால் ஒரு நாள் ஷிஃப்டை ஓட்டிவிடலாம். அமெரிக்கர் ஒருவர் "ஐ ஆல்ரெடி எய்ட்" என்று சொன்னால் பிழை என்று நினைக்காதீர்கள், அவர்கள் பேச்சு அப்படி. நமக்குப் பள்ளியில் வந்தது பிரிட்டிஷ் வழக்கு. நீங்கள் "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" என்றே சொல்லுங்கள்.

ஹேவுக்குப் பிறகு வருகிற மூன்றாவது வடிவம், அதுதான் பார்ட்டிசிப்பிள், அதில் குறுக்குவழி கிடையாது. "ஐ ஹேவ் வென்ட்", "ஹீ ஹேஸ் கேம்" என்று சொல்லிவிட்டால் நீங்கள் ஹேவைச் சரியான இடத்தில் போட்டும் பயனில்லாமல் போகும். ஆனால் நூற்றுக்கணக்கில் படிக்கத் தேவையில்லை. ஹோட்டலில் புழங்குகிற முப்பது வினை போதும். அகரவரிசையில் படிக்காமல் ஓசையைச் சேர்த்துப் படியுங்கள். டேக்கன், கிவ்வன், ஈட்டன், ஸ்போக்கன், ரிட்டன், ஃபர்கொட்டன் என்று "அன்" ஓசையில் முடிகிறவை ஒரு கூட்டம். ப்ரோட், போட், தோட், கோட் என்று போகிறவை இன்னொரு கூட்டம். ட்ரங்க், ரங், பிகன் ஒரு கூட்டம். புட், கட், ஷட் மூன்று வடிவத்திலும் மாறாது. கம், கேம், கம் என்பதில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்று. சத்தமாகச் சொல்லிப் பழகினால் காதே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

காது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஹேவ் என்று முழுசாகச் சொல்வது குறைவு. "ஐவ் ஸீன்", "தேவ் கோன்", "ஷீஸ் லெஃப்ட்" என்று விழுங்கிவிடுவார்கள். அதனால் அங்கே ஹேவ் இருப்பதே நம் காதில் விழாமல், நாமும் "ஐ ஸீன்", "ஐ டன்" என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். "ஐட்" என்று கேட்டால் பின்னால் வருகிற வினையைப் பாருங்கள். "ஐட் கோன்" என்றால் ஹேட், "ஐட் கோ" என்றால் வுட்.

இனி அந்த ஹேட். இரண்டு வாக்கியம்: "வென் ஐ ரீச்ட் ஹட்டன், த பஸ் லெஃப்ட்." "வென் ஐ ரீச்ட் ஹட்டன், த பஸ் ஹேட் லெஃப்ட்." முதலாவதில் நீங்கள் போய்ச் சேர, உங்கள் கண் முன்னால் பஸ் கிளம்புகிறது. ஓடினால் பிடிக்கலாம். இரண்டாவதில் ஸ்டாண்டில் பஸ்ஸே இல்லை. ஹேட்டின் வேலை இவ்வளவுதான், எது முந்தி என்று காட்டுவது. பிஃபோர், ஆஃப்டர் என்ற சொல்லே வரிசையைக் காட்டிவிட்டால் ஹேட் இல்லாமலும் ஓடும்: "ஆஃப்டர் த ரெயின் ஸ்டொப்ட், வீ வென்ட் அவுட்." விருந்தினர்கள் தேயிலை பற்றிக் கேட்காமல் போகமாட்டார்கள், அதையே பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள். "டீ ஹேஸ் பீன் க்ரோன் கமர்ஷியலி இன் ஸ்ரீலங்கா ஸின்ஸ் 1867." இன்றும் வளர்கிறது, அதனால் ஹேஸ். "ஜேம்ஸ் டெய்லர் பிளான்டட் இட் அட் லூல்கந்துர இன் 1867." டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டவர். வருஷம் சொல்லியாயிற்று, அவரும் 1892இல் இறந்துபோனார், அதனால் ஹேஸ் இல்லை. "வென் த கோஃபி டிசீஸ் கேம் இன் 1869, ஹீ ஹேட் ஆல்ரெடி பிளான்டட் டீ." கோப்பி நோய் வருவதற்கு முந்தியே தேயிலை நட்டாயிற்று, அதனால் ஹேட். இந்த மூன்று வாக்கியத்தையும் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டால் சிம்பிள் பாஸ்ட்டோடு ஹேவ், ஹேட் என்ற இரண்டு பெர்ஃபெக்ட்டும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "வில் ஹேவ்" உங்களுக்கு ஒரே இடத்தில் போதும்: "வீ வில் ஹேவ் க்ளீன்ட் யுவர் ரூம் பை டூ ஓ'க்ளொக்." இரண்டு மணிக்குள் முடிந்திருக்கும் என்று வாக்குக் கொடுப்பது. வில் வந்தால் ஹேஸ் ஒருபோதும் வராது, ஹேவ்தான்.

பயிற்சிக்கு ஹட்டன் போகத் தேவையில்லை. காலையில் அடுப்படியில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஐ ஹேவ் மேட் த டீ. ஐ ஹேவ் நொட் கட் த பீன்ஸ் யெட். த ரைஸ் ஹேஸ் ஜஸ்ட் பொயில்ட்." இரவில் படுக்கப்போகுமுன் அதே வேலைகளை நேரத்தோடு சொல்லுங்கள்: "ஐ மேட் த டீ அட் சிக்ஸ்." காலையில் ஹேவோடு சொன்னது இரவில் ஹேவ் இல்லாமல் வருவதை உங்கள் வாயே பழகிக்கொள்ளும். அப்புறம் தம்பியையோ தங்கையையோ மேனேஜராக உட்காரவைத்து "ஹேவ் யூ எவர்...?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் "யெஸ், ஐ ஹேவ்" என்று சொன்னதும் அவர்கள் "வென்?" என்று கேட்க வேண்டும். அந்த வென்னுக்கான பதிலில் ஹேவ் வந்தால் திரும்ப முதலிலிருந்து. சின்னப் பிள்ளைகள் இதில் ஈவிரக்கம் இல்லாமல் பிடிப்பார்கள், உங்களுக்கு நல்லதுதான்.

இன்டர்வியூவில் வாய் நின்றுவிட்டால், நின்ற வாக்கியத்தையே இழுத்துக்கொண்டிருக்காமல் ஒரு வருஷத்தையோ மாதத்தையோ சொல்லி சிம்பிள் பாஸ்ட்டில் தொடங்குங்கள். "இன் 2022, ஐ..." என்று ஆரம்பித்தால் ஹேவ் குழப்பமே வராது. ஆங்கிலத்தில் இலக்கண சுத்தமாக நான்கு வாக்கியம் பேசுகிற பிள்ளையைவிட, விருந்தினர் கேட்டது விளங்கி முகம் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளையைத்தான் ரிசப்ஷனுக்குத் தேடுவார்கள்.

நான் எழுதிய அறிமுகத்தை அப்படியே ஒப்புவிக்காதீர்கள். அதைப் பார்த்து உங்கள் கதையை உங்கள் சொல்லில் பத்து வாக்கியமாக எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். இன்டர்வியூவுக்கு முன் திருத்தி அனுப்புகிறேன்.